கடல் ஆராய்ச்சிக்கு வரும் பணம்: புதிதாக வாங்கவா, தொடர்ந்து அளக்கவா?

நெய்தல்வாசி

வணக்கம் நண்பர்களே. மத்திய பட்ஜெட் வந்ததும் புவி அறிவியல் அமைச்சகத்தின் பக்கத்தைத் தேடிப் படிப்பது என் வழக்கம். 2025-26-க்கு அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,650 கோடி ரூபாய். மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. அரசு செலவழிக்கும் நூறு ரூபாயில் ஏழு பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு பைசாவுக்குள்தான் வானிலைத் துறை, நிலநடுக்கக் கண்காணிப்பு, அண்டார்டிகா நிலையங்கள், கடல் எல்லாமே வர வேண்டும்.

இதில் ஆழ்கடலை ஆராயும் அரசுத் திட்டமான ஆழ்கடல் இயக்கத்துக்கு மட்டும் 600 கோடி. 2021 ஜூனில் அமைச்சரவை அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி என்று ஒப்புதல் கொடுத்தது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 815 கோடி வர வேண்டும். ஒதுக்கீடு அந்த அளவுக்கு இல்லை.

பணம் குறைவு என்பதை இங்கே யாரும் மறுக்க மாட்டீர்கள். யுனெஸ்கோவின் 2020 உலகக் கடல் அறிவியல் அறிக்கை, நாடுகள் தங்கள் ஆராய்ச்சிப் பணத்தில் சராசரியாக 1.7 சதவீதத்தைத்தான் கடலுக்குக் கொடுக்கின்றன என்று சொல்கிறது. சில நாடுகளில் அது 0.03 சதவீதம். ஆக, இது நம் நாட்டுக்கு மட்டுமான குறை இல்லை.

நான் பேச விரும்புவது வேறு. புதிய கப்பல், புதிய நீர்மூழ்கி, புதிய கட்டடம் என்றால் எப்படியோ பணம் பிறக்கிறது. ஒரே இடத்தில், ஒரே முறையில், இருபது முப்பது வருடம் விடாமல் அளப்பதற்கு மட்டும் பிறப்பதில்லை. கடலைப் பற்றி நமக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்கள் எல்லாம் அப்படி விடாமல் அளந்ததில் கிடைத்தவை. அதற்கென்று தனியாக, யாரும் கைவைக்க முடியாத ஒரு நிதி வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆழ்கடல்_அன்பன்

நெய்தல்வாசி அண்ணா, நீர்மூழ்கியை ஆடம்பரம் என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மத்ஸ்யா 6000 நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது என்ஐஓடியில், உருவாகிற ஆழ்கடல் ஆய்வு நீர்மூழ்கி. மூன்று பேர் உட்காரும் டைட்டானியம் கோளம், 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமன். 6,000 மீட்டர் ஆழத்தில் மேலே இருப்பதைப் போல 600 மடங்கு அழுத்தம் அதை நசுக்கும். அந்தக் கோளத்தைப் பற்றவைக்கும் வித்தையைக் கற்கவே இஸ்ரோவின் உதவி தேவைப்பட்டது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆளோடு தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் ஆட்கள் இருவர் பிரெஞ்சு நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். ஒருவர் 5,002 மீட்டர் வரை போய் வந்தார்.

இன்னொன்று. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளை ஆராய நமக்கு உரிமை இருக்கிறது. சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு 2002-ல் போட்ட ஒப்பந்தம். அந்த உரிமையை வைத்திருப்பவர் அங்குள்ள உயிரினங்களையும் நீரோட்டத்தையும் அளந்து அறிக்கை தர வேண்டும். நீங்கள் கேட்கும் தொடர் அளவீடு அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆழ்கடல் இயக்கத்தின் ஆறு பிரிவுகளில் ஒன்று கடல்சார் காலநிலைச் சேவை, மற்றொன்று ஆழ்கடல் பல்லுயிர். செய்தித்தாள் நீர்மூழ்கியை மட்டும் படம் போட்டால் அதற்குத் திட்டம் என்ன செய்யும்?

குளச்சல்_கடலோடி

தம்பி சொல்வது நல்ல விஷயம்தான். நம் பிள்ளைகள் 5,000 மீட்டர் போனார்கள் என்றால் எனக்கும் பெருமை. ஆனால் 50 மீட்டர் ஆழத்தில் தொழில் செய்கிறவன் கேள்வியும் ஒன்று இருக்கிறது.

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. எங்கள் பக்கம் ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தார்கள். கரையில் அறிவிப்பு வந்தாலும் அது அவர்கள் காதுக்குப் போக வழி இல்லை. படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோ அவ்வளவு தூரம் எட்டாது, செல்போன் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் கடற்கரையில் எத்தனை வீடுகளில் இன்றும் ஆண்கள் இல்லை என்று வந்து பார்த்தால்தான் தெரியும்.

அதற்குப் பிறகு 2019-ல் ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும், செல்போனில் படிக்கலாம். நல்ல கருவி. ஆனால் அதில் செய்தி வரும், நாம் திருப்பிச் சொல்ல முடியாது. இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது, அதில் இரண்டு பக்கமும் பேசலாம். இதெல்லாம் முன்னாடியே வந்திருக்க வேண்டியது. ஆராய்ச்சிப் பணத்தில் முதல் பங்கு உயிர் காக்கிற வேலைக்குப் போகட்டும். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஆழ்கடல்_அன்பன்

அண்ணாச்சி, இதில் எனக்கு மறுப்பே இல்லை. 2004 சுனாமி அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு என்று எதுவும் இல்லை. 2007 அக்டோபரில் இன்காய்ஸ் வளாகத்தில் சுனாமி மையம் தொடங்கியது. இன்று பெருங்கடலைச் சுற்றியுள்ள மற்ற நாடுகளுக்கும் அது எச்சரிக்கை கொடுக்கிறது. பணம் கொடுத்தால் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

கடற்புல்

நான் கடல் உயிரியல் படித்து, ஒரு நிறுவனத்தில் திட்ட ஆய்வாளராக இருந்தவள். பெயர் வேண்டாம். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் கடற்புல், பவளம் பார்ப்பது வேலை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடல் ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டம். முதல் வருடத்தில் பாதி, ஆள் எடுப்பதிலும் கருவி வாங்குவதிலும் போய்விடும். கடைசி வருடத்தில் பாதி, அறிக்கை எழுதுவதில் போகும். நடுவில் கிடைப்பதுதான் கடல். அதிலும் வாடைக்காற்றுக் காலத்தில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், முங்கிப் பார்த்தாலும் கை நீட்டிய தூரம் தெரியாது. திட்டம் முடிந்ததும் படகு வாடகை நின்றுவிடும், ஆளும் வீட்டுக்குப் போய்விடுவார். அளந்த எண்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கும். அடுத்து வருகிறவர் வேறு இடத்தில், வேறு முறையில், புதிதாகத் தொடங்குவார்.

மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளம் பெரிய அளவில் வெளுத்த ஆண்டுகளைச் சொல்கிறேன்: 1998, 2010, 2016, 2024. மூன்றாண்டுத் திட்டம் எதுவாக இருந்தாலும் இவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்த்திருக்க முடியுமா? முடியாது. ஒரு வெளுப்புக்குப் பிறகு எந்தப் பவளம் பிழைத்தது, எது திரும்ப வளர்ந்தது, எந்தத் தீவு ஓரத்தில் பாசி மூடியது, அடுத்த வெப்பத்தை அதே பவளம் தாங்கியதா என்பதைத் தெரிந்துகொள்ள அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற ஆள் வேண்டும். தூத்துக்குடியில் அப்படி விடாமல் செய்கிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் நமக்கு இவ்வளவாவது தெரியும். ஆனால் அது அவர்களின் பிடிவாதத்தால் நடக்கிறது, நிதி ஏற்பாட்டால் அல்ல.

உதவித்தொகை பற்றியும் சொல்ல வேண்டும். இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. நான் இருந்த இடத்தில் அது மாதக்கணக்கில் வராமல் கிடந்து, பிறகு மொத்தமாக வரும். அதுவரை படகுக்காரருக்கும் டீசலுக்கும் கைக்காசு போட்டவர்களை எனக்குத் தெரியும். நன்றாக முங்குகிற, நல்ல கண்ணுள்ள பிள்ளைகள் இப்படித்தான் வங்கி வேலைக்கும் பள்ளி வேலைக்கும் போனார்கள். அவர்கள் போனதோடு அந்தக் கடற்பரப்பைப் பற்றிய ஞாபகமும் போயிற்று.

கணக்குப்பிள்ளை

ஓய்வுபெற்ற கணக்குத்துறை ஆள் நான். கடல் தெரியாது, பைல் தெரியும். இரண்டு மூன்று விஷயங்களைத் தெளிவாக்கினால் விவாதத்துக்கு உதவும்.

முதலில், புவி அறிவியல் அமைச்சகத்தின் எண் மட்டும் கடல் ஆராய்ச்சியின் எண் ஆகாது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் வருகிறது. 1947-ல் மண்டபம் முகாமில் தொடங்கி, 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போன நிலையம் அது. கோவாவில் 1966-ல் தொடங்கிய தேசியக் கடலியல் நிறுவனம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலான சிஎஸ்ஐஆருக்குக் கீழ் வருகிறது. பவளமும் கடற்பசுவும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் வனத்துறையும் பார்க்கிற விஷயம். மீன்வளத்துக்குத் தனி அமைச்சகம். ஆகவே "நாடு கடலை ஆராய ஒரு வருடத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறது" என்ற கேள்விக்கு ஒரே இடத்தில் பதில் கிடைக்காது. நெய்தல்வாசி கேட்கும் தனி நிதிக்கு முன்னால், இந்தக் கூட்டுத்தொகையை யாராவது ஒருவர் வெளியிட வேண்டும்.

அடுத்து, ஏன் வாங்கப் பணம் வருகிறது, ஓட்டப் பணம் வருவதில்லை? கப்பல் மூலதனச் செலவு. அமைச்சர் வருவார், கொடி அசைப்பார், சொத்துப் பதிவேட்டில் ஏறும். டீசல், மாலுமி சம்பளம், கருவி அளவுத்திருத்தம், மிதவைக்குப் பெயிண்ட் எல்லாம் வருவாய்ச் செலவு. சிக்கனம் என்று சுற்றறிக்கை வந்தால் முதலில் கை வைப்பது இதில்தான். எந்த அமைச்சகத்திலும் இதே கதை. கடலில் இது கூடுதலாகக் கடிக்கும், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் எதுவும் பராமரிப்பு இல்லாமல் நிற்காது.

நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 ஜூனில் நிதியமைச்சகம் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. கருவியை அரசு இணையச் சந்தையில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விலக்குத் தர நிறுவனத் தலைவருக்கே அதிகாரம் கொடுத்தார்கள். 200 கோடி வரை உலக டெண்டருக்கும் அவரே ஒப்புதல் தரலாம். உப்பளவு அளக்கும் ஒரு சென்சாருக்காக ஆய்வாளர்கள் ஒரு வருடம் பைல் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தளர்வு அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

தரவு_மணி

ஓட்டப் பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் பசிபிக்கில் இருக்கிறது. பசிபிக் சூடேறி உலக வானிலையையே மாற்றும் எல் நினோவைக் கண்காணிக்க, நிலநடுக்கோட்டை ஒட்டி டாவோ என்று ஒரு அளவீட்டு மிதவை வரிசை உண்டு. அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா அதைப் பராமரிக்க ஒரு தனிக் கப்பலை வைத்திருந்தது. சிக்கன நடவடிக்கையாக 2012-ல் அந்தக் கப்பலை நிறுத்தினார்கள். இரண்டு வருடத்துக்குள் மிதவைகளிலிருந்து வர வேண்டிய தரவில் பாதிகூட வரவில்லை, சுமார் 40 சதவீதத்துக்கு விழுந்தது. பெரிய எல் நினோ ஒன்று உருவாகிற நேரத்தில் உலகமே கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றது. மிதவைகள் அங்கேயே இருந்தன. அவற்றிடம் போய்வரக் கப்பல்தான் இல்லை.

இது நமக்கும் வரும். இந்தியப் பெருங்கடலில் ராமா என்ற மிதவை வரிசையில் நோவா மிதவைகளைத் தருகிறது, இந்தியா கப்பல் நாட்களைத் தருகிறது. 2025-ல் அமெரிக்க வெள்ளை மாளிகை 2026 நிதியாண்டுக்கு முன்வைத்த பட்ஜெட்டில் நோவாவின் ஆராய்ச்சிப் பிரிவையே கலைக்கச் சொல்லியிருந்தது. அவர்கள் நாடாளுமன்றத்தின் முடிவு ஒரு பக்கம். நம் பருவமழைக் கணிப்புக்கு வேண்டிய கடல் வெப்ப அளவு, வேறொரு நாட்டின் பட்ஜெட் சண்டையில் தொங்கக் கூடாது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நம் என்ஐஓடி வைத்திருக்கும் மிதவைகள் அதனால்தான் முக்கியம்.

விடாமல் அளந்ததால் கிடைத்த பலனுக்கும் உதாரணம் சொல்கிறேன். சாளை மீன். கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் 4 ஆயிரம் டன்கூட இல்லை. இதை "மீன் குறைஞ்சு போச்சு" என்ற புலம்பலாக விடாமல், எல் நினோ, கடல் வெப்பம், குஞ்சு மீன் பிடிப்பு என்று காரணம் பிரித்துப் பார்க்க முடிந்தது எதனால்? மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆட்கள் பல பத்தாண்டுகளாக இறங்குதளம் இறங்குதளமாக நின்று எந்த மீன், எவ்வளவு, எந்த வலையில் என்று எழுதிவந்ததால். அந்த வேலையைப் படம் போட யாரும் வருவதில்லை.

குளச்சல்_கடலோடி

மணி சொல்வது சரி. ஏலக்கூடத்தில் நோட்டும் பேனாவுமாக நிற்கிற அந்தத் தம்பிகளை நாங்கள் நன்றாக அறிவோம். ஒரு வருத்தம் மட்டும் உண்டு. எழுதிக்கொண்டு போகிறார்கள், அந்தக் கணக்கு திரும்ப எங்களிடம் வருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் சமூகக் கூடத்தில் உட்கார்ந்து, இந்த மீன் இப்படி இருக்கிறது, அந்தக் கண்ணி வலையைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டோமா? 61 நாள் மீன்பிடித் தடையை ஏற்று நடக்கிற ஆட்கள்தானே நாங்கள்?

மிதவை விஷயத்தில் எங்கள் பக்கமும் தப்பு நடக்கிறது. மிதவையைச் சுற்றி மீன் கூடும் என்று அதிலேயே படகைக் கட்டுகிறார்கள், கம்பி அறுகிறது, சிலர் சாமான்களையும் கழற்றுகிறார்கள். புயல் சேதியைத் தருவதே அந்த மிதவைதான் என்று தெரிந்தால் பாதிப் பேர் செய்ய மாட்டார்கள். அதைச் சொல்ல ஆள் வைப்பதும் ஆராய்ச்சிச் செலவுதான்.

தரவு_மணி

அண்ணாச்சி, இதை நான் மனதார ஏற்கிறேன். மிதவையின் விலையோடு பார்த்தால், கரையில் பேச ஒரு ஆளுக்கு ஆகும் சம்பளம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு மிதவைத் திட்டத்திலும் அதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

யாழ்_அலை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ஏழு பைசா என்று கவலைப்படுகிறீர்கள், எங்கட நிலை இன்னும் கஷ்டம்.

இலங்கையைச் சுற்றியுள்ள கடலின்ர மீன் வளத்தை நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் 1978-80 காலத்தில் அளந்தது. அதற்குப் பிறகு அப்படியொரு முழு அளவீடு 2018-ல்தான், அதுவும் அதே பெயருள்ள புதிய கப்பல் வந்துதான் நடந்தது. நடுவில் ஏறக்குறைய நாற்பது வருடம். யுத்தமும் ஒரு காரணம், பணமும் ஒரு காரணம். 2024-ல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடத் தடையும் போட்டார்கள். சீனா, இந்தியா என்று அரசியல் வந்ததும் ஆராய்ச்சி நின்றுபோகும். சொந்தமாகப் பெரிய கப்பல் இல்லாத நாட்டுக்கு இதுதான் நடக்கும்.

அந்த அளவு கப்பல் பாக்கு விரிகுடாவுக்குள்ள வரவும் முடியாது. பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம். அங்கே சின்ன வள்ளத்தில் போய், ஆட்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலையால் கடற்படுகை எவ்வளவு கெட்டிருக்கு என்று எங்கட மீனவர் எத்தனையோ வருடமாகச் சொல்கினம். இலங்கையில் 2017-ல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடைசெய்தாச்சு. ஆனால் இரண்டு கரையிலும் ஒரே முறையில் அளந்த கணக்கு ஒன்று இருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் அது எவ்வளவு பெரிய உதவி! சண்டை போடுகிற இடத்தில் எண்ணை வைத்துப் பேசலாம். இரண்டு அரசும் பாதிப் பாதி போட்டு நடத்தினால் என்ன?

கடற்புல்

யாழ்_அலை அண்ணா, இது நடந்தால் நான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். எங்கள் பக்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் அறிவித்தார்கள். இந்தியாவில் அதுதான் முதல். கடற்பசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது. கடற்புல் இருக்கிற இடத்துக்குப் போகும். இந்தப் பக்கம் அளந்து அந்தப் பக்கம் அளக்காமல் விட்டால் பாதிதான் தெரியும்.

நெய்தல்வாசி

யாழ்_அலை, அருமையான யோசனை. ராமாவில் ஒருவர் மிதவை, மற்றவர் கப்பல் என்று பங்கு போட முடிகிறபோது, இரண்டு கரைக்கும் நடுவிலுள்ள இந்தக் குறுகிய கடலில் முடியாதா?

கரை அரிப்பையும் இங்கே கொண்டுவர விரும்புகிறேன். பணம் விரயமாவதும் பலன் தருவதும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற இடம் அதுதான். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டது. இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிக்கிறது. தமிழ்நாட்டில் 42.7 சதவீதம். இந்த எண் இருப்பதால்தான் எந்த ஊர் அவசரம் என்று பேச முடிகிறது.

குளச்சல்_கடலோடி

எண் இருந்து என்ன? எங்கள் மாவட்டத்தில் ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பைப் போட்டால் அடுத்த ஊரைக் கடல் தின்னும். அப்புறம் அந்த ஊருக்கும் போடுவார்கள். மண் எந்த மாதம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று எங்கள் அப்பா காலத்து ஆட்களுக்குத் தெரியும். அவர்களையும் கேட்பதில்லை, அளந்தும் பார்ப்பதில்லை, கல்லைக் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

புதுவை_வேணி

அளந்து செய்தால் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்கு வந்து பாருங்கள் அண்ணாச்சி. 1980-களின் கடைசியில் துறைமுக அலைத்தடுப்பு கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற மண் அங்கேயே நின்றுவிட்டது. கடற்கரைச் சாலையில் மணல் போய் வெறும் கருங்கல்தான் மிச்சம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பீச் என்றாலே கல் என்று நினைத்து வளர்ந்தார்கள்.

பிறகு என்ஐஓடி அலை, நீரோட்டம், மணல் ஓட்டம் எல்லாவற்றையும் அளந்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் முக்கோண வடிவில் ஒரு எஃகுத் திட்டை இறக்கியது. கூடவே மணலும் கொட்டினார்கள். 2018-க்குப் பிறகு மணல் திரும்ப வந்தது. இன்று மாலையில் ஜனங்கள் காலை மணலில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டக் கடலூர் பெரியகுப்பத்திலும் கடலுக்கடியில் மணல் நிரப்பிய பெரிய பைகளால் ஒரு தடுப்பை வைத்துக் கரையை மீட்டார்கள். அளப்பதற்கு ஆன செலவு, கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதைவிடக் குறைவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் இங்கேயும் எஃகு துருப்பிடிக்கும், மணல் நகரும். தொடர்ந்து பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன வருவாய்ச் செலவு.

தரவு_மணி

இன்னொரு கோணம்: வழக்கு. 2025 மே 25 அன்று கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி இழப்பீடு கேட்டது. அந்த மாதிரி வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது என்ன? "எங்கள் கப்பல் வருவதற்கு முன்னால் இந்தக் கடல் எப்படி இருந்தது, காட்டுங்கள்." மீன் எவ்வளவு இருந்தது, மண்ணில் ஏற்கனவே எவ்வளவு பிளாஸ்டிக் இருந்தது, தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு என்று விபத்துக்கு முன்னால் அளந்திருந்தால்தான் காட்ட முடியும். பின்னால் போய் அளக்க முடியாது. ஒரே ஒரு வழக்கில் கூடுதலாகக் கிடைக்கும் இழப்பீடு, பல வருட அளவீட்டுச் செலவைத் தந்துவிடும்.

குளச்சல்_கடலோடி

அந்தக் குருணையை மணலிலிருந்து அள்ளியது எங்கள் ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும். சின்ன வெள்ளை மணி, சல்லடை போட்டாலும் தீராது. வலையில் ஏறுகிறது, மீன் வயிற்றிலும் இருக்குமோ என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள், விலை விழுந்தது. "இல்லை, பரிசோதித்தாயிற்று, சாப்பிடலாம்" என்று ஒரு தாளை அன்றே கொடுத்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

கடற்புல்

பணம் கடலுக்குத்தான் வருகிறது, ஆனால் ஆராய்ச்சிக்கு வரவில்லை என்ற நிலையும் உண்டு. கடற்பாசி வளர்ப்பைச் சொல்கிறேன். ராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்கா வருகிறது. பெண்களுக்கு வருமானம் தருகிற தொழில், நான் எதிரானவள் இல்லை. ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வளர்ப்பை விரிவாக்குகிற ஒவ்வொரு ரூபாயோடும், பக்கத்துப் பவளத்தைக் கண்காணிக்க சில பைசாவாவது ஒதுக்க வேண்டாமா? மீன்வளத்துக்கான பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் 20,050 கோடி. அதில் ஒரு சதவீதம் என்றாலும் 200 கோடி. அந்தப் பணத்தில் இந்தக் கடற்கரை முழுக்க நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்களை நடத்தலாம்.

கணக்குப்பிள்ளை

இதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி என்று எனக்குப் படுகிறது. தனி நிதியை உருவாக்க அமைச்சரவைக் குறிப்பு, செலவினக் குழு என்று நீண்ட வழி போக வேண்டும். அதைவிட, கடலோரத்தில் நடக்கும் பெரிய திட்டம் எதுவானாலும், துறைமுகமோ பாசிப் பூங்காவோ, திட்டச் செலவில் ஒரு சதவீதம் பத்தாண்டுக் கண்காணிப்புக்கு என்று அனுமதியிலேயே நிபந்தனை போடலாம். சுற்றுச்சூழல் அனுமதியில் கண்காணிப்பு நிபந்தனை இப்போதும் உண்டு, ஆனால் அதைத் திட்டக்காரரே செய்து அவரே அறிக்கை தருகிறார். பணத்தை அவரிடமிருந்து வாங்கி, வேலையைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கொடுங்கள். அறிக்கை பொதுவில் வரட்டும்.

ஆழ்கடல்_அன்பன்

இதற்கு என் முழு ஆதரவு. நீர்மூழ்கித் திட்டத்துக்கும் இதே நிபந்தனையைப் போடுங்கள். மத்ஸ்யா தயாரான பிறகு, வருடத்துக்கு எத்தனை முறை இறங்கும், அதற்கான தாய்க்கப்பல் நாட்கள் எத்தனை என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். சாகர் நிதிதான் தாய்க்கப்பல். அதே கப்பல் மிதவைக்கும் போக வேண்டும், மற்ற ஆய்வுக்கும் போக வேண்டும். 1983-ல் வந்த சாகர் கன்யா, 1984-ல் வந்த சாகர் சம்பதா எல்லாம் நாற்பது வயது தாண்டியவை. 2024-ல் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்தோடு 840 கோடிக்குப் புதிய ஆய்வுக் கப்பலுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை கப்பல் நாள்தான் நம் உண்மையான தட்டுப்பாடு. நீர்மூழ்கியை இறக்கக் கப்பல் இல்லை என்ற நிலை வந்தால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் மனம் உடையும்.

நெய்தல்வாசி

நல்லது. நம் தொகுதி எம்பி அலுவலகத்தில் ஒருவரைத் தெரியும், நாடாளுமன்றக் கேள்வியாகக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். வரைவு இது, திருத்தம் சொல்லுங்கள்:

"(அ) கடந்த ஐந்து ஆண்டுகளில் எல்லா அமைச்சகங்களும் சேர்ந்து கடல், கடலோர ஆராய்ச்சிக்குச் செலவழித்த தொகை, மூலதனம், வருவாய் எனப் பிரித்து, (ஆ) ஒவ்வொரு ஆய்வுக் கப்பலும் ஆண்டுக்கு எத்தனை நாள் கடலில் இருந்தது, (இ) பத்தாண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் அளவீடு நடக்கும் கடலோர இடங்கள் எவை, (ஈ) பாக்கு விரிகுடாவில் இலங்கையோடு கூட்டு அளவீடு நடத்தும் எண்ணம் உண்டா."

தரவு_மணி

(ஆ)-வில் மிதவைகளையும் சேருங்கள். எத்தனை மிதவை கடலில் இருக்கிறது என்று கேட்டால் பெரிய எண் வரும். வர வேண்டிய தரவில் எத்தனை சதவீதம் வந்தது என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள்.

கடற்புல்

(இ)-யில் அந்த அளவீட்டு எண்கள் பொதுமக்கள் இறக்கிப் பார்க்கக் கிடைக்கின்றனவா என்றும் கேளுங்கள். கூடவே, ஒப்பந்த ஆய்வாளர்களின் உதவித்தொகை சராசரியாக எத்தனை மாதம் தாமதமாகிறது என்பதும்.

குளச்சல்_கடலோடி

எனக்கு ஒன்றே ஒன்று. ஜெமினியும் டிரான்ஸ்பாண்டரும் கன்னியாகுமரி மாவட்டத்தில் எத்தனை படகில் இருக்கிறது, அதில் எத்தனை இன்று வேலை செய்கிறது.

நெய்தல்வாசி

மூன்றையும் சேர்த்துவிட்டேன். கூட்டத்தொடர் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம், அதனால் இந்த வாரமே கொடுக்கிறேன். பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன்.